கீமோ வேண்டாம் என்று அம்மா சொன்ன பிறகு: முற்றிய நுரையீரல் புற்றுநோயை வீட்டில் வைத்துப் பார்ப்பது

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இதுதான். அம்மாவுக்கு 78 வயது. சிகரெட் தொட்டதே இல்லை. சலரோகம் உண்டு. நுரையீரலில் வந்த புற்றுநோய் முதுகெலும்பு வரை போய்விட்டது. கீமோ வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். வெள்ளவத்தையில் லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடியில் உங்களோடு இருக்கிறார். கனடாவில் இருக்கும் அண்ணா உடனே சென்னைக்குக் கொண்டுபோகச் சொல்கிறார். வீட்டில் எப்படிப் பார்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அந்தக் கேள்விக்குள் இன்னொன்று இருக்கிறது: சிகிச்சை இல்லாமல் வைத்திருந்தால் அம்மாவைக் கைவிட்டதாகுமா? அதற்கு முதலில் பதில் சொல்கிறேன். ஆகாது. கட்டியைச் சுருக்கும் மருந்தை மறுப்பது ஒரு முடிவு, நோவுக்கும் மூச்சு முட்டுக்கும் மருந்தை மறுப்பது வேறொரு முடிவு. அம்மா எடுத்தது முதலாவதை மட்டும். பல வீடுகளில் இரண்டாவதும் தானாகவே நடந்துவிடுகிறது. கிளினிக்குக்குப் போவது நின்றுபோகும், கிளினிக் கொப்பி அலுமாரிக்குள் போய்விடும், பிறகு ஒரு நடு இரவில் தாங்கமுடியாத நோவோடு ஆளைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். கீழே எழுதுவதெல்லாம் அந்த இரவு வராமல் பார்ப்பதற்காகத்தான். அம்மாவை நேரில் பார்க்காமல் எழுதுகிறேன். மருந்தளவு வரும் இடங்களை, அவரைப் பார்க்கும் வைத்தியரோடு கதைப்பதற்கான அடிப்படையாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவின் முடிவை ஏற்பதற்கு முன்னால் இரண்டு விடயங்களை உறுதிப்படுத்த வேண்டும். முதலாவது, இது புற்றுநோய்தான் என்று பயொப்சியில், அதாவது கட்டியிலிருந்து சிறு துண்டு எடுத்துச் செய்யும் பரிசோதனையில், தெரிந்ததா, ஸ்கேனை மட்டும் பார்த்துச் சொன்னதா? காசநோயும் நுரையீரலில் கட்டி போலத் தெரியும், முதுகெலும்பையும் அரிக்கும். அதைக் குணமாக்க மருந்து இருக்கிறது. பயொப்சி செய்யாமலே "முற்றிவிட்டது" என்று வீட்டுக்கு அழைத்துவந்திருந்தால், குறைந்தது சளிப் பரிசோதனையாவது நடந்ததா என்று கேளுங்கள். வெலிசறையில் இருக்கும் சுவாச நோய்களுக்கான தேசிய வைத்தியசாலை இதற்கென்றே இருக்கிறது. இரண்டாவது, எந்த வகைப் புற்றுநோய்? அறிக்கையில் அடினோகார்சினோமா என்ற வகை எழுதியிருந்தால் ஈ.ஜி.எஃப்.ஆர் என்ற மரபணு மாற்றம் பார்க்கப்பட்டதா என்று கேளுங்கள். புகைக்காத ஆசியப் பெண்களில் இந்த மாற்றம் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் காணப்படுகிறது. அது இருந்தால் கொடுப்பது கீமோ இல்லை, ஒரு நாளைக்கு ஒரு குளிசைதான். ஜெஃபிட்டினிப், எர்லோட்டினிப், ஒசிமெர்ட்டினிப் என்பவை அந்த வகை. தோலில் பருக்கள் வரும், வயிற்றோட்டம் வரலாம், ஆனால் கீமோவைப் போல ஆளைப் போட்டு வாட்டாது. படுக்கையில் கிடந்தவர்களே எழுந்து நடமாடும் அளவுக்குத் தேறியதுண்டு. குணமாகாது, ஆனால் நல்ல மாதங்கள் கிடைக்கும், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் போகும். அம்மா "கீமோ வேண்டாம்" என்றபோது இப்படி ஒன்று இருப்பது அவருக்குத் தெரிந்திருந்ததா? தெரியாவிட்டால் ஒரு தடவை சொல்லிக் கேளுங்கள். அதுவும் வேண்டாம் என்றால் அந்தப் பேச்சை அத்தோடு விட்டுவிடுங்கள். ஒவ்வொரு சாப்பாட்டு வேளையிலும் அதைத் திரும்ப எடுத்தால் அவருடைய மிச்ச நாட்கள் வாக்குவாதத்திலேயே போய்விடும்.

அடுத்தது, பொறுப்பெடுக்க ஒரு வைத்தியர். மஹரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலையில் கீமோ எடுக்காதவர்களையும் நோவுக்காகவும் மூச்சுக்காகவும் பார்ப்பார்கள், அங்கே செலவும் இல்லை. அதே மஹரகமவில் இலங்கைப் புற்றுநோய்ச் சங்கம் நடத்தும் சாந்த செவன என்ற பராமரிப்பு இல்லமும் இருக்கிறது. வீட்டில் சமாளிக்க முடியாத நிலை வந்தால் என்ன ஒழுங்கு என்று இப்போதே போய் விசாரித்து வையுங்கள். இவற்றோடு வீட்டுக்கு வந்து பார்க்கக்கூடிய ஒரு குடும்ப வைத்தியரும் வேண்டும். "இனி ஒன்றும் செய்வதற்கில்லை" என்று எந்த ஆஸ்பத்திரியில் சொன்னாலும், கட்டிக்குச் செய்வதற்கில்லை என்பதுதான் அதன் பொருள். 2010 இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில், பரவிய நுரையீரல் புற்றுநோயுள்ள 151 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். நோய்தணிப்புப் பராமரிப்பைத் தொடக்கத்திலேயே பெற்றவர்கள் கூடுதல் நிம்மதியோடு இருந்ததோடு, சராசரியாக 11.6 மாதமும் உயிரோடு இருந்தார்கள். மற்றவர்களுக்கு அது 8.9 மாதம். அவர்கள் புற்றுநோய்க்கான சிகிச்சையும் எடுத்தவர்கள், ஆகவே அந்தக் கணக்கை அம்மாவுக்கு அப்படியே போடமுடியாது. நோவைத் தணித்தால் ஆயுள் குறையும் என்ற பயத்துக்கு ஆதாரமில்லை என்பது மட்டும் இதிலிருந்து தெளிவு.

எவ்வளவு காலம் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அண்ணா கேட்பார். சிறுகலப் புற்றுநோய் என்ற வேகமாக வளரும் வகையில், சிகிச்சை இல்லாவிட்டால் பெரும்பாலும் 2 முதல் 4 மாதம். மற்ற வகைகளில் பொதுவாகச் சில மாதங்கள், ஒரு வருடத்தைத் தாண்டுகிறவர்களும் உண்டு. இதற்குமேல் துல்லியமாகச் சொல்பவரை நம்பவேண்டாம். ஸ்கேனைவிட அம்மாவின் நடமாட்டம்தான் நல்ல வழிகாட்டி. விழித்திருக்கும் நேரத்தில் பாதிக்குமேல் படுக்கையில் கழிகிறதா என்று பாருங்கள். மாற்றம் மாதத்துக்கு மாதம் தெரிந்தால் மாதங்கள் இருக்கின்றன. கிழமைக்குக் கிழமை தெரிந்தால் கிழமைகள், நாளுக்கு நாள் தெரிந்தால் நாட்கள்.

நோவில் இருந்து தொடங்குவோம், அம்மாவுக்கு முதலில் வரப்போவது அதுதான். முதுகெலும்பில் பரவியதால் வரும் நோ இரவில் கூடும், படுத்தால் கூடும், இருமினால் சுள்ளென்று குத்தும். நுரையீரலின் உச்சியில் கட்டி இருந்தால் தோளில் தொடங்கிச் சுண்டுவிரல் வரை இழுக்கும். அதைத் தோள் பிடிப்பு என்று நினைத்து மாதக்கணக்கில் எண்ணெய் தேய்ப்பார்கள். பனடோல் அடிப்படை மருந்தாக இருக்கட்டும், ஆனால் 50 கிலோவுக்குக் குறைந்த முதியவருக்கு நாளைக்கு 4 முதல் 6 குளிசைக்குள்தான் வைத்தியர்கள் நிறுத்துவார்கள். தடிமன் குளிசைகளுக்குள்ளும் வேறு நோக் குளிசைகளுக்குள்ளும் அதே பரசிட்டமோல் ஒளிந்திருக்கும், பெட்டியைப் பார்த்துக் கணக்கில் சேருங்கள். டைக்குளோஃபினாக் போன்றவற்றைக் கேட்காமல் வாங்கிக் கொடுக்கவேண்டாம். சலரோகம் உள்ள 78 வயதுச் சிறுநீரகத்துக்கும் இரைப்பைக்கும் அவை ஆபத்து. எலும்பு நோவுக்கு நல்ல பலன் தருவது ஒரே ஒரு தடவை கொடுக்கும் கதிர்வீச்சு, 8 கிறே (கிறே என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு). சிகிச்சை வேண்டாம் என்று சொன்னதற்காக இதை மறுத்துவிடாதீர்கள், இது கட்டியை விரட்டுவதற்கில்லை, நோவை எடுப்பதற்கு. ஏறத்தாழ 10 பேரில் 6 பேருக்கு நோ குறையும், பலன் முழுதாகத் தெரியச் சில கிழமைகள் எடுக்கும். முதல் இரண்டு மூன்று நாள் நோ கூடவும் செய்யலாம். அதைப் பார்த்து "பிழைத்துப்போச்சு" என்று பயந்துவிடவேண்டாம்.

மோர்பின் என்ற சொல்லைக் கேட்டாலே வீட்டில் எல்லாரும் முகம் மாறுவார்கள், "அது கடைசி மருந்து" என்பார்கள். நோவின் அளவைப் பார்த்துக் கொடுக்கும் மருந்து அது, நாட்களை எண்ணிக் கொடுப்பதில்லை. மெலிந்த முதியவருக்குப் பெரும்பாலும் 2.5 மி.கி. அளவில் 4 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை என்று வாயால் தொடங்கி, நோவைப் பார்த்து ஆறுதலாகக் கூட்டுவார்கள். மணி பார்த்துக் கொடுக்கவேண்டும். நோ வந்த பிறகு கொடுப்பது, அடுப்பில் பால் பொங்கி வழிந்த பிறகு தீயைக் குறைப்பது போன்றது. இடையில் நோ பாய்ந்தால் கொடுக்க ஒரு மேலதிக அளவையும் வைத்தியர் எழுதித் தரவேண்டும், பொதுவாக ஒரு நாளின் மொத்தத்தில் ஆறில் ஒரு பங்கு. எழுதாவிட்டால் கேட்டு வாங்குங்கள். 12 மணித்தியாலத்துக்கு ஒருமுறை கொடுக்கும் குளிசை மெதுவாகக் கரைவதற்காகச் செய்தது. விழுங்க முடியவில்லை என்று அதை இடித்துக் கொடுத்தால் 12 மணித்தியால மருந்தும் ஒரேயடியாக இறங்கிவிடும், வீட்டில் நடக்கும் மிக மோசமான பிழை இதுதான். முதல் இரண்டு மூன்று நாள் தூக்கமும் குமட்டலும் வந்து தணியும். மலச்சிக்கல் மட்டும் தணியாது, ஆகவே முதல் குளிசையோடு சேர்த்தே செனா அல்லது லக்டுலோஸ் போன்ற மருந்து தொடங்கவேண்டும். தண்ணீர் குறைவாகக் குடிப்பவருக்கு இசப்கோல் உமி கொடுத்தால் உள்ளே கட்டியாகி அடைத்துவிடும். மூன்று நாள் வெளியே போகாமல் இருந்துவிட்டுத் திடீரென்று தண்ணீராகக் கசிந்தால் அதை வயிற்றோட்டம் என்று நிறுத்தப் பார்க்காதீர்கள், இறுகிய மலத்தைச் சுற்றி வழிவதாக இருக்கலாம்.

மோர்பின் கூடிவிட்டதா என்று பார்க்க மூன்று அடையாளங்கள்: உரத்துக் கூப்பிட்டுத் தோளை அசைத்தும் சரியாக எழும்பாத தூக்கம், குண்டூசித் தலை அளவுக்குச் சிறுத்த கண்மணி, முழு நிமிடம் எண்ணினால் 8 க்குக் குறைந்த மூச்சு. இவை சேர்ந்து வந்தால் அடுத்த அளவைக் கொடுக்காமல் உடனே வைத்தியரைக் கூப்பிடுங்கள். சலரோகத்தால் சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் மருந்தின் கழிவு உடம்பில் தேங்கும். கைகால் சும்மா துள்ளுவது, சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்வது அதன் முதல் அடையாளம். கடைசிச் சிறுநீரகப் பரிசோதனை எப்போது எடுத்தது என்று கிளினிக்கில் சொல்லுங்கள். மோர்பின் எல்லாப் பாமசியிலும் இருக்காது, சிட்டை இல்லாமல் எங்கும் தரவும் மாட்டார்கள். போயா விடுமுறையும் சனி ஞாயிறும் சேர்ந்து வரும் கிழமைகளில் மூன்று நாள் வாசல் பூட்டியிருக்கும், கையில் ஐந்து நாள் மருந்து மிஞ்சியிருக்கும்போதே அடுத்த சிட்டைக்குப் போங்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் பூட்டி வையுங்கள். ஒரு கொப்பியில் நேரம், கொடுத்த மருந்து, நோவுக்குப் பத்துக்கு எத்தனை புள்ளி, வெளியே போனதா என்று நாலு கோடு போட்டு எழுதுங்கள். கிளினிக்கில் சிங்களத்தில் கதைக்க வேண்டி வந்து உங்களுக்குச் சொல் வராவிட்டாலும், நேரமும் எண்ணும் போட்ட அந்தக் கொப்பி உங்களுக்காகப் பேசும். "நெஞ்சு அடைக்குது" என்று அம்மா சொன்னால் அது நோவா, மூச்சா, பயமா என்று கேட்டு எழுதுங்கள். மூன்றுக்கும் மருந்து வேறு.

மூச்சு முட்டும்போது முதலில் செய்யவேண்டியது மருந்தில்லை, உட்காரவைக்கும் விதம். கைப்பிடியில்லாத கதிரையில் இருத்தி, முன்னால் மேசையைத் தள்ளி, அதில் இரண்டு தலகணியை ஒன்றின்மேல் ஒன்றாக வையுங்கள். அம்மா முன்னுக்குச் சாய்ந்து முழங்கைகளையும் நெற்றியையும் தலகணியில் வைக்கட்டும், பாதம் தரையில் பதிந்திருக்கட்டும். கையின் பாரம் மேசைக்குப் போனதும் தோள் தளரும், நெஞ்சுக்கூடு விரிய இடம் கிடைக்கும். ஒரு சின்னக் கைவிசிறியையோ பற்றரி ஃபேனையோ முகத்திலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்து, கன்னத்திலும் மூக்கைச் சுற்றியும் காற்றுப் படவையுங்கள். முகத்தில் குளிர்காற்றுப் படும்போது அங்குள்ள நரம்பு வழியாகப் போகும் செய்தி, மூளையில் மூச்சு முட்டும் உணர்வைக் குறைக்கிறது. கூரை ஃபேன் தலைக்கு மேலே சுற்றுவது இந்த வேலையைச் செய்யாது. மூக்கால் இழுத்து, சூடான தேத்தண்ணியை ஊதுவதுபோல உதட்டைக் குவித்து, இழுத்ததைவிட இரண்டு மடங்கு நேரம் எடுத்து வெளியே விடச் சொல்லுங்கள். நீங்களும் பக்கத்தில் இருந்து அதே வேகத்தில் மூச்சு விடுங்கள். அறைக்குள் நாலைந்து பேர் கூடிநின்று "மூச்சை விடுங்கோ, மூச்சை விடுங்கோ" என்று பதறினால் எல்லாம் கெட்டுவிடும். நுளம்புத் திரி, சாம்பிராணி, குசினியில் செத்தல் மிளகாய் தாளிக்கும் புகை மூன்றையும் அவரிருக்கும் பக்கம் விடவேண்டாம். மிகச் சிறிய அளவு மோர்பின் மூச்சு முட்டலுக்கும் கொடுப்பதுண்டு. சிலருக்கு நன்றாகக் கேட்கும், சிலருக்குக் கேட்காது. இதில் ஆய்வுகளும் ஒரே பதிலைத் தரவில்லை.

ஒட்சிசன் மெஷின் வாடகைக்கு எடுங்கள் என்று எல்லாரும் சொல்வார்கள். இரத்தத்தில் ஒட்சிசன் அளவைப் பார்க்க விரலில் மாட்டும் கருவி 90 சதவீதத்துக்குக் கீழே தொடர்ந்து காட்டினால் மெஷின் உதவும். அளவு சாதாரணமாக இருந்தும் மூச்சு முட்டுகிறதென்றால் உதவாது. 2010 இல் வெளியான ஓர் ஆய்வில், இரத்தத்தில் ஒட்சிசன் குறையாத 239 பேரில் சிலருக்கு மூக்குக் குழாய் வழியாக ஒட்சிசனும் சிலருக்கு வெறும் காற்றும் கொடுத்துப் பார்த்தார்கள், மூச்சு முட்டலில் வித்தியாசம் தெரியவில்லை. எடுப்பதாக இருந்தால் கறன்ட் போனால் என்ன செய்வது என்று முதலே யோசியுங்கள். மெஷின் நின்றால் மாற்றுக்கு ஒரு சிலிண்டர் வேண்டும். அதை மூன்றாம் மாடிக்கு ஏற்றுவது யார்? மெஷின் ஓடும் அறையில் சாமி விளக்கும் மெழுகுதிரியும் கூடாது. திடீரென்று மூச்சு மோசமானால் நெஞ்சுக்கூட்டுக்குள் நீர் சேர்ந்திருக்கலாம். அதை ஊசிபோட்டு எடுத்தால் அன்றைக்கே ஆறுதல் கிடைக்கும், இதுவும் ஏற்றுக்கொள்ளத் தக்கது. திரும்பத் திரும்பச் சேர்ந்தால் குழாய் வைப்பதைப்பற்றிக் கேளுங்கள்.

சளியில் நூல்போல இரத்தம் வருவது இந்த வருத்தத்தில் வழமை, வைத்தியரிடம் சொல்லுங்கள், பதறவேண்டாம். அரிதாகச் சிலருக்குப் பெருமளவில் வரும். கட்டிலுக்குக் கீழே கடும்சிவப்பு அல்லது கறுப்புத் துவாய் இரண்டு வைத்திருங்கள், நிறம் அடிபட்டுப்போகும், பார்ப்பவருக்கும் அம்மாவுக்கும் பயம் குறையும். எந்தப் பக்க நுரையீரலில் கட்டியோ அந்தப் பக்கமாகச் சரித்துப் படுக்கவைத்து, விட்டுப்போகாமல் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருங்கள்.

சாப்பாடுதான் வீட்டில் சண்டை வரும் இடம். முற்றிய புற்றுநோயில் உடம்பு மெலிவது பட்டினியால் வருவதில்லை, வருத்தம் தசையைக் கரைக்கிறது. திணித்து ஊட்டினாலும் அது திரும்பாது, வாந்தியும் அம்மாவுக்கு ஒரு குற்ற உணர்வும்தான் மிஞ்சும். நாலு வாய் கேட்கும் நேரத்தில் நாலு வாய் கொடுங்கள்: சொதியில் ஊறிய இடியப்பம், மெல்லிய கஞ்சி, தயிர், அவித்த முட்டையின் பாதி. காலையில் பசி கூடுதலாக இருக்கும். குரல் கரகரத்து அடைத்துப்போயிருந்தால் குரல்நாணுக்குப் போகும் நரம்பைக் கட்டி அழுத்துவதாக இருக்கலாம். அப்படியானவர்களுக்குத் தண்ணீர் போன்ற மெல்லிய பானம் மூச்சுக் குழாய்க்குள் போய்ப் புரைக்கேறும். நிமிர்த்தி இருத்தி, நாடியை நெஞ்சுப் பக்கம் தாழ்த்தி, கூழ்ப் பதத்தில் சிறு கரண்டியால் கொடுங்கள். ஆறிய கொதிநீர் ஒரு கோப்பையில், அதாவது 250 மில்லிலீற்றரில், கால் தேக்கரண்டி உப்பும் கால் தேக்கரண்டி அப்பச்சோடாவும் கலந்து, நாளைக்கு நாலு தடவை வாய் கொப்பளிக்க வையுங்கள். நாக்கிலும் வாயிலும் வெள்ளைப் படை இருந்தால் அது பூஞ்சையாக இருக்கலாம், மருந்து உண்டு, அது மாறியதும் பலர் திரும்பச் சாப்பிடத் தொடங்குவார்கள். இதில் எல்லாரும் தவறவிடுவது சலரோகக் குளிசைகளை. சாப்பாடு பாதியாகக் குறைந்த பிறகும் பழைய அளவிலேயே கிளிபென்கிளமைட், கிளிக்கிளசைட் அல்லது இன்சுலின் போனால் விடியப்புறம் சீனி இறங்கி ஆள் மயங்கிவிடுவார், அதைப் புற்றுநோயின் கடைசிக் கட்டம் என்று வீட்டில் நினைத்துவிடுவார்கள். பிரஷர், கொலஸ்ட்ரோல் குளிசைகளையும் சேர்த்து முழுப் பட்டியலையும் ஒரு தடவை வைத்தியரிடம் காட்டி, எதை நிறுத்தலாம் என்று கேளுங்கள். மறுபக்கம், டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டெரோயிட் மருந்து தொடங்கினால் சீனி ஏறும். அதைக் காலையில் கொடுங்கள், பின்னேரம் கொடுத்தால் இரவு தூக்கம் வராது. திடீரென்று நிறுத்தவும் கூடாது.

சில அடையாளங்களுக்கு அடுத்த கிளினிக் நாள்வரை காத்திருக்கக் கூடாது. அம்மாவின் முதுகெலும்பில் பரவியிருப்பதால் இது அவருக்கு மிக முக்கியம்: முதுகிலிருந்து நெஞ்சைச் சுற்றிப் பட்டிபோல இறுக்கும் புது நோ, கால் பலமிழப்பது அல்லது மரப்பது, சிறுநீர் போகாமை. முள்ளந்தண்டு வடத்தைக் கட்டி நெரிக்கிறது என்று பொருள். 24 மணித்தியாலத்துக்குள் மருந்தும் கதிர்வீச்சும் கிடைத்தால் நடையைக் காப்பாற்ற வாய்ப்புண்டு, கால் முழுதாக விழுந்த பிறகு திரும்புவது அரிது. மிச்ச நாட்களை நடந்து கழிப்பதா படுக்கையில் கழிப்பதா என்பது பலருக்கு இந்த ஒரு நாளில் தீர்மானமாகிறது. முகமும் கழுத்தும் வீங்கி நெஞ்சில் இரத்த நாளங்கள் புடைத்தாலும் அதே அவசரம். கடும் தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், அதோடு புத்தித் தடுமாற்றம் சேர்ந்து வந்தால் இரத்தத்தில் கல்சியம் ஏறியிருக்கலாம், அது மருந்தால் இறங்கும். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம், ஆனால் அரச ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோகும். கூப்பிடும்போதே மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை என்று சொல்லுங்கள். உங்கள் படிக்கட்டுத் திருப்பத்தில் ஸ்ட்ரெச்சர் திரும்புமா என்று இன்றைக்கே அளந்து பாருங்கள். திரும்பாவிட்டால் கைப்பிடியுள்ள பாரமில்லாத ஒரு கதிரை வேண்டும், கீழ்வீட்டில் இரண்டு பேரிடம் சொல்லி வைக்கவேண்டும். கீழ்மாடியில் ஓர் அறை வாடகைக்குக் கிடைத்தால் ஒட்சிசன் மெஷினுக்கு முன் அதற்குக் காசைப் போடுங்கள்.

அண்ணாவின் சென்னை யோசனைக்கு வருவோம். பரிசோதனை அறிக்கைகளையும் பயொப்சிக் கண்ணாடித் துண்டுகளையும் அனுப்பி இன்னொரு வைத்தியரின் கருத்தைக் கேட்பதில் பிழையில்லை, அதற்கு அம்மா பயணம் செய்யத் தேவையுமில்லை. விமானத்துக்குள் காற்றழுத்தம் ஏறத்தாழ 2,400 மீற்றர் உயரமான மலையில் இருப்பதற்குச் சமம். தரையிலேயே 92 க்குக் கீழே காட்டுபவருக்கு மேலே ஒட்சிசன் தேவைப்படும், விமான நிறுவனம் வைத்தியரின் படிவம் கேட்கும். அரித்துப்போன முதுகெலும்போடு இறங்கி ஏறுவது இன்னொரு ஆபத்து. அண்ணாவின் அவசரத்துக்குப் பின்னால் தூரத்தில் இருப்பவரின் தவிப்பு இருக்கிறது, அதைத் தள்ளிவிடாதீர்கள், அவருக்கு ஒரு வேலை கொடுங்கள். இரவுக்கு ஒரு பராமரிப்பாளரை வைக்கும் செலவு அவருடையதாக இருக்கட்டும். ஒவ்வொரு இரவும் நீங்களே விழித்திருந்தால் மூன்றாம் கிழமையில் மருந்து நேரம் பிசகத் தொடங்கும். முடிவைப்பற்றி அம்மாவே நேரடியாக அவரோடு ஃபோனில் கதைக்கட்டும். அம்மாவிடம் நீங்கள் கேட்கவேண்டியதும் ஒன்று உண்டு: "உங்கட வருத்தத்தைப்பற்றி எவ்வளவு தெரிய விருப்பம் அம்மா, எது நடக்கக்கூடாது எண்டு நினைக்கிறீங்கள்?" கேட்டுவிட்டு நீங்கள் பேசாமல் இருங்கள். முதல் பதில் வர நேரமெடுக்கும். பலருடைய பதிலில் சாவைவிட நோவும், பிள்ளைகளுக்குப் பாரமாவதும்தான் முன்னுக்கு நிற்கும்.

படுக்கையோடு ஆனபிறகு தும்பு மெத்தை போதாது, அதன் குழிகளில் இடுப்பெலும்பு அழுந்திப் புண்ணாகும். காற்று மெத்தை வாடகைக்குக் கிடைக்கும். இருந்தாலும் இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றி, குதிக்கால் மெத்தையில் படாதபடி கெண்டைக்காலுக்குக் கீழே தலகணி வையுங்கள். றெக்ஸின் விரிப்பை நேரே உடம்பில் படவிட்டால் கொழும்பு வெக்கைக்கு முதுகு அவிந்துவிடும், மேலே பழைய நூல்சேலையை நாலாக மடித்துப் போடுங்கள்.

கடைசி நாட்களில் நித்திரை கூடும், விழுங்குவது நிற்கும், கைகால் குளிர்ந்து நிறம் மாறும், மூச்சு வேகமாகி, நின்று, திரும்பத் தொடங்கும். தொண்டையில் கரகரவென்று சத்தம் கேட்கும். பார்ப்பவருக்கு அது கொடுமையாக இருக்கும், ஆழ்ந்த மயக்கத்தில் இருப்பவர் பெரும்பாலும் அதை உணர்வதில்லை. பக்கவாட்டில் சரித்துவிட்டால் சத்தம் குறையும். அந்த நேரத்தில் வீட்டுக்கு வரும் உறவினர் யாராவது "ஒரு சேலைன் போட்டால் தெம்பு வருமே" என்று சொல்லியே தீருவார். விழுங்குவதை உடம்பே நிறுத்திய பிறகு ஏற்றும் தண்ணீர் நெஞ்சிலும் தொண்டையிலும் தேங்கி மூச்சை இன்னும் கஷ்டப்படுத்தும். உதட்டை நனைத்த பஞ்சால் ஈரமாக்கிக்கொண்டிருப்பது போதும். விழுங்க முடியாதபோதும் நோமருந்து நிற்கக்கூடாது, தோலுக்குக் கீழே ஊசியாகக் கொடுக்கலாம், அதை யார் வந்து போடுவார் என்ற ஒழுங்கு முதலே செய்யப்பட்டிருக்கவேண்டும். அம்மா வீட்டிலேயே இருக்க விரும்பினால், மூச்சு நின்ற நேரத்தில் பதற்றத்தில் 1990 ஐக் கூப்பிடவேண்டாம் என்று வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வையுங்கள். கூப்பிட்டால் நெஞ்சை அழுத்தி, ஏற்றிக்கொண்டு ஓடவேண்டி வரும், முற்றிய புற்றுநோயில் அதனால் உயிர் மீள்வது மிக அரிது. அப்போது தேவைப்படுவது மரணத்துக்கான காரணத்தை எழுதித் தரும் வைத்தியர். பதிவுக்கு அந்தப் பத்திரம் கேட்பார்கள். அம்மாவை முன்னர் பார்த்திராத வைத்தியர் அதை எழுதத் தயங்குவார், விடயம் திடீர் மரண விசாரணை அதிகாரியிடம் போகலாம். ஆகவே உங்கள் பகுதிக் குடும்ப வைத்தியரை இந்தக் கிழமையே வீட்டுக்குக் கூப்பிட்டு அம்மாவைக் காட்டுங்கள். பயொப்சி அறிக்கை, கிளினிக் கொப்பி, அம்மாவின் அடையாள அட்டை மூன்றையும் ஒரே உறையில் போட்டு, அந்த வைத்தியருடைய நம்பரை அதன் வெளியே பெரிதாக எழுதி வையுங்கள்.